பிளாஸ்டரைப் பிய்த்தவள்

அந்தக் கம்ப்யூட்டர் கத்திய விதத்திலேயே அதற்கு என்ன நோய் என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவிட்சை அழுத்தினால் உள்ளே விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப், கொஞ்சம் விட்டு இன்னொரு பீப், அப்புறம் எல்லாம் அடங்கி, யாரும் தொடாமலே விசிறி மறுபடி சுற்றத் தொடங்கி, மறுபடியும் அதே கத்தல். ரேம் என்று சொல்கிற நினைவகச் சீட்டு தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்காராவிட்டால் கம்ப்யூட்டர் இப்படித்தான் அழும். பெட்டியைத் திறந்து, சீட்டை உருவி, அதன் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களை ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினால் தீர்ந்தது. ஊற்றி வைத்த டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அப்படியிருக்க, இதற்குப் போய் அத்தான் என்னை எதற்குக் கூப்பிட்டார் என்பதுதான் அவளை உறுத்தியது. இது அவள் அக்காவின் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை நடத்தினார்கள். பெரியவள், சின்னவள் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் ஆளுக்குத் தெரியும். கண்ணைக் கட்டிவிட்டால்கூட அக்கா ரேமைக் கழற்றி மாட்டிவிடுவாள்.

“அக்கா பார்க்கலையா அத்தான்?”

“உங்க அக்கா இருந்தா உன்னை எதுக்கும்மா தொந்தரவு பண்றேன்?” அத்தான் சிரித்தார். “கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. கூடப் படிச்சவ யாரோ, அவ வீடாம். போனைக்கூட எடுத்துக்கல. உனக்குத் தெரியாததா, உங்க அக்காவுக்கு மூக்கு நுனியில கோவம்.”

மூக்கு நுனியில் கோபம் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அது பழைய அக்கா. இந்த வீட்டுக்கு வந்த பிறகு அக்கா கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. போனில் பேசினால்கூட, பக்கத்தில் குழந்தை தூங்குகிற மாதிரி குரலைத் தாழ்த்தித்தான் பேசுவாள். குழந்தை எதுவும் கிடையாது.

இன்னொன்றும் இருந்தது. உள்ளே நுழையும்போதே சின்னவள் வாசலில் அக்காவின் நீலச் செருப்பைப் பார்த்திருந்தாள். வார் அறுந்து, அதை மெல்லிய ஒயரால் இழுத்துக் கட்டிய செருப்பு. அக்காவிடம் இருந்தது அந்த ஒரு ஜோடிதான். கோபித்துக்கொண்டு போகிறவள் வெறுங்காலோடா போவாள்? கேட்கலாம் என்று வாயெடுத்தாள். ஏனோ கேட்கவில்லை. பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டுப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

சாயங்காலம்தான் ஆகியிருந்தது. ஆனால் அந்த அறைக்குள் அது தெரியாது. ஜன்னல் கதவுகளை மூடி, திறக்க முடியாதபடி சட்டத்தோடு சேர்த்து ஆணி அடித்திருந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும், யாரோ பக்கத்து அறையில் குசுகுசுவென்று பேசுவது போலச் சுவர் வழியாக வந்தது. வீடு பூராவும் பினாயில் நாற்றம். தரையைத் துடைத்துத் துடைத்து வெள்ளையாக்கியிருந்தார்கள். அந்தப் பினாயிலுக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. இனிப்பும் அழுகலும் கலந்த வாடை. மூக்கு அதைப் பிடித்துவிட்டுப் பிறகு விடமாட்டேன் என்றது.

“எலி செத்துக்கிடக்கு எங்கயோ,” என்றார் அத்தான், அவள் மூக்கைப் பார்த்துக்கொண்டே. “அதைத் தேடித்தான் வீட்டையே புரட்டிப் போட்டுக்கிட்டிருக்கேன்.”

புரட்டித்தான் போட்டிருந்தார். நடு அறையில் சோபாவைக் கவிழ்த்து அடித்துணியைக் கிழித்திருந்தது. சமையலறை அலமாரிக் கதவுகள் பிடுங்கிக் கிடந்தன. கட்டில் மெத்தையை நீளவாக்கில் அறுத்துப் பஞ்சை வெளியே இழுத்திருந்தது. இந்த அறையில் மட்டும்தான் சாமான்கள் இடத்தில் இருந்தன: மேசை, நாற்காலி, பின்சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ, அதன்மேல் கூரை முட்ட அடுக்கிய பழைய சூட்கேஸ்களும் அட்டைப்பெட்டிகளும். எலிக்காக மெத்தையை அறுக்கிற மனுஷனை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தான் வலது கையில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். துண்டில் பழுப்பாக ஒரு வட்டம். அந்தக் கையில்தான் சுத்தியலைப் பிடித்திருந்தார். ஜன்னலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாராம். அடித்து முடித்த பிறகும் கீழே வைக்காமல் இருந்தார்.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் சின்னவள் முதலில் பார்த்தது ரேமை அல்ல. போர்டில் ஒரு ஓரமாகச் செருகியிருந்த தடியான அட்டை ஒன்றை. அதிலிருந்து கறுப்பு ஒயர்கள் கிளம்பிச் சுவரில் ஏறி, கூரையோரமாக வீட்டின் நாலு பக்கமும் போயின. கேமரா அட்டை.

“வீட்டுக்குள்ள எதுக்கு அத்தான் கேமரா?”

“உங்க அக்கா எதை எங்க வைக்கிறான்னு அவளுக்கே தெரியாது. நான்தானே பார்த்துச் சொல்லணும்?” மறுபடி அதே சிரிப்பு. “மாட்டினதே உங்க அக்காதான். நான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டேன். ஒரே குறை, படம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். இங்க கையைத் தூக்கினா, அங்க அரை நிமிஷம் கழிச்சுத்தான் தூக்கும். இங்க விழுந்த அடி அங்க அப்புறம்தான் விழும்னு வெச்சுக்கயேன்.”

தன்னைப் பார்ப்பதற்கான கண்ணைத் தானே ஏணியில் ஏறி மாட்டியிருக்கிறாள். பல மாதமாக அக்கா கடைப்பக்கமே வராததற்கு, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்ததற்கு, ‘ஒண்ணுமில்லடி, தூக்கம் பத்தல’ என்றதற்கு எல்லாம் இந்த ஒயர்களே பதில் சொல்லிவிட்டன. கேட்காமல் விட்டது தன் தப்பு என்று அவளுக்குப் பட்டது. கேட்டிருக்க வேண்டும். வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

விசிறியில் முடி சுற்றியிருந்தது. பெட்டிக்குள் முடி இருப்பது சாதாரணம். தரையோடு வைத்த பெட்டி எல்லாக் குப்பையையும் இழுக்கும். இது அப்படியில்லை. நீள முடி, கொத்தாக. நுனியில் காய்ந்துபோன சின்னத் தோல்.

முதுகுக்குப் பின்னால் அத்தான் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. பயந்தது தெரியக் கூடாது. வேலையைப் பார்ப்பவளாக இரு. வேலையைப் பார். அவள் ரேமின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கி, சீட்டை உருவி, பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். ஆயிரம் தடவை செய்த வேலை. தலை எங்கோ இருந்தது. கை அதுபாட்டுக்குத் தேய்த்தது. மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ். ரப்பர் துகளோடு சேர்ந்து மெல்லியதாக ஏதோ சுருண்டு வந்து மேசையில் விழுந்தது.

கண்ணாடி போன்ற ஒட்டுநாடாத் துண்டு. நகத்தின் அகலம்.

அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். பிளாஸ்டர்.

கடையில் அதற்கு அப்படித்தான் பெயர். ஒரு தடவை, ரிப்பேருக்குக் கொடுத்த கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்க வந்தவன் ஒருவன் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் இளித்தான். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. ‘கடைசியா ஒரு தடவை பார்த்துத் தர்றேன் சார்’ என்று பெட்டியைத் திறந்து, ரேமின் பற்கள் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுநாடாவை ஒட்டி, திரும்பச் செருகிக் கொடுத்துவிட்டாள். சீட்டு இடத்தில் இருக்கும், கொக்கி பூட்டியிருக்கும், எவன் பார்த்தாலும் குறை தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் உயிர்பெறாது. அவன் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கெஞ்சினான். அதன்பிறகு ஒழுங்கில்லாத ஆள் எவன் வந்தாலும் அக்கா கண்ணைக் காட்டுவாள்: ‘இவருக்கு ஒரு பிளாஸ்டர்.’

அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. போட்டவள்தான் எடுக்க வேண்டும். சின்னவளுக்கோ ரேமைப் பார்த்தால் கை குறுகுறுக்கும். யோசிக்காமல் ரப்பரைப் போட்டுத் தேய்த்து, அக்கா போட்ட பிளாஸ்டரை எத்தனையோ தடவை பிய்த்திருக்கிறாள். உடனே பின்னாலிருந்து குரல் வரும். ‘யாருடி பிய்ச்சது?’ ‘நான்தான்க்கா.’ ‘குனி.’ குனிந்தால், அக்காவின் கையில் அந்த நேரத்தில் எது இருக்கிறதோ அதன் பிடியால் உச்சந்தலையில் நங்கென்று ஒரு குட்டு. ‘சொல்லாம எடுத்தா வாங்கிக் கட்டிக்கணும்.’ இருவரும் சிரித்துச் சாவார்கள்.

இப்போது அந்தப் பிளாஸ்டர் ரப்பர் துகளுக்கு நடுவில் சுருண்டு கிடந்தது.

அவள் மெதுவாக, முகத்தை அசைக்காமல் யோசித்தாள். இதை ஒட்டியவள் அக்கா. வேறு எவருக்கும் இது தெரியாது. கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் கேமரா ஓடாது. கேமரா ஓடாவிட்டால் இந்த ஆளுக்குக் கண் இல்லை. கிழிந்த சோபா, அறுத்த மெத்தை, பிடுங்கிய அலமாரி, வாசலில் கிடக்கும் செருப்பு. எலியாம் எலி. அக்கா வெளியே போகவே இல்லை. இந்த வீட்டுக்குள்தான் எங்கோ ஒளிந்திருக்கிறாள். இவருக்கு அவள் இருக்கும் இடம் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.

உயிரோடு இருக்கிறாள். அந்த நினைப்பில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் பெட்டி மட்டும் ஓடக்கூடாது. அது ஒன்றுதான் இப்போது தன் வேலை. அது ஓடாதவரை அக்காவுக்கு ஒன்றும் ஆகாது.

சீட்டை ஒரு பக்கம் தூக்கலாக வைத்து, அழுத்துவதுபோல் பாவனை செய்து சுவிட்சைத் தட்டினாள். நீளமாக ஒரு பீப். இன்னொன்று. நல்ல பிள்ளை, கத்து.

“போர்டு போச்சு அத்தான்,” என்றாள். குரல் நடுங்காமல் வந்ததே பெரிய விஷயம். “இங்க ஒண்ணும் பண்ண முடியாது. கடைக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். நாளைக்கு வந்து—”

அத்தான் போய் அறைக்கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஓரமா தூக்கிக்கிட்டு நிக்குது,” என்றார், அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “எனக்குக் கண்ணு இருக்கும்மா. உங்க அக்கா செய்யறதைப் பார்த்திருக்கேன். டக்குனு சத்தம் வரணும். ரெண்டு பக்கமும்.”

“இல்ல அத்தான், அது வந்து—”

அவர் அவளுடைய இடது கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார், அடிபட்ட குழந்தைக்கு மருந்து போடுகிறவர் மாதிரி. அந்தக் கையை மேசைமேல் வைத்து, சுண்டுவிரலை மட்டும் தனியாகப் பிரித்தார். அவள் ஏன் கையை இழுத்துக்கொள்ளவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. சுத்தியல் இறங்கியது.

சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். வலி அப்புறம் வந்தது, தோள்வரை, தாடைவரை, கண்ணுக்குப் பின்னால்வரை. அவள் கத்தினாள். கத்தல் மூடிய ஜன்னலில் மோதித் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. சுண்டுவிரல் இருந்த இடத்தில் நகமும் சதையும் சேர்ந்து நசுங்கிக் கிடந்தது. ரத்தம் மேசை விளிம்புக்கு ஓடிச் சொட்டியது.

“இன்னும் எத்தனை விரல் வேணும் உனக்கு, வேலை செய்ய?” அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். பிறகு அவருடைய முகம் திடீரென்று கலைந்தது. கண்களில் நீர் கட்டியது. அவருக்கும் பயம், அதை அவள் அப்போதுதான் பார்த்தாள்; இந்த வீட்டில் அவளைவிட அதிகமாகப் பயந்திருந்தது அந்த ஆள்தான். “உனக்கு என்னடி தெரியும்? அன்னிக்கு அவ என் கையைக் கடிச்சா. பாரு, எலும்பு தெரியக் கடிச்சா. நான் ஒரு தடவைதான் அடிச்சேன். சரி, அப்புறமும் அடிச்சேன். இந்தப் பெட்டி மேலதான் விழுந்தா. பேச்சு மூச்சு இல்ல. கண்ணு திறந்தபடி இருந்துச்சு. தலை... தலை ஒரு பக்கம் உள்ள போயிருச்சு. நான் போர்வை எடுக்கப் போனேன். திரும்பி வந்தா ஆளைக் காணோம். கதவு எல்லாம் உள்பக்கம் பூட்டினது பூட்டினபடியே இருக்கு. ரத்தம் இந்த ரூமுக்குள்ள மட்டும்தான், வெளிய ஒரு சொட்டு இல்ல.”

“உயிரோட இருந்திருக்கா,” என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

“ராத்திரி நடக்கிறா. சமையல் ரூம்ல குழாயைத் திறக்கிறா. நான் போனா நிறுத்திடறா.” அவர் சுத்தியலின் ஆணி பிடுங்கும் கவட்டை முனையை அவள் கழுத்தில் வைத்து அழுத்தினார். “எங்க இருக்கான்னு நான் பார்க்கணும். பார்த்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். போடு.”

அவள் சீட்டைக் கையில் எடுத்தாள். தெளிவாக முடிவு செய்தாள். செருகுகிற மாதிரி போய், மின்சாரம் ஓடும்போதே ஸ்க்ரூ டிரைவர் முனையைப் போர்டின் நடுவில் குத்திவிடுவது. ஒரு பொறி, ஒரு கருகல், அவ்வளவுதான். இந்தப் பெட்டி இனி எந்தப் பிறவியிலும் ஓடாது. பிறகு இவர் தன்னைக் கொன்றுபோடுவார். போடட்டும். அக்கா இருப்பாள். மழை நின்றதும், இவர் அசந்ததும், எப்படியாவது வெளியே போய்விடுவாள். சின்னவள் கடையை நடத்தாவிட்டால் பெரியவள் நடத்துவாள்.

அவள் குனிந்தாள். வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இடது கை உதறியது. வலது கை பள்ளத்தைத் தேடியது. விரல்களுக்குத்தான் எவ்வளவு தெரிகிறது. சீட்டின் வெட்டுக்குறி எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்தன, நேராக்கின, ஒரு முனையில் கட்டைவிரலை வைத்தன, மறு முனையில் ஆள்காட்டிவிரலை வைத்தன. ஸ்க்ரூ டிரைவர். ஸ்க்ரூ டிரைவர் எங்கே? அதை எடுக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை அழுத்திவிட்டது.

டக்.

டக்.

“ஐயோ,” என்றாள். அவளுக்குத் தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. அத்தான் எட்டிச் சுவிட்சைத் தட்டினார்.

விசிறி சுற்றியது. முடிக்கொத்தும் சேர்ந்து சுற்றியது. பெட்டி ஒரே ஒரு பீப் அடித்தது, சின்னதாக, சந்தோஷமாக. எல்லாம் நலம் என்கிற பீப். அந்தச் சத்தம் வந்தால் கடையில் இருவரும் கையைத் தட்டிக்கொள்வார்கள்.

திரையில் வெளிச்சம் வந்தது. நீலம். பிறகு நாலு கட்டங்கள்.

முதல் கட்டத்தில் நடு அறை. கவிழ்ந்த சோபா. ஆள் இல்லை.

சமையலறை. ஆள் இல்லை. குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

படுக்கையறை. பஞ்சு. ஆள் இல்லை.

சின்னவளுக்கு நெஞ்சு லேசாகியது. இல்லை. எதிலும் இல்லை. தப்பித்துவிட்டாள். எப்படியோ போய்விட்டாள் மகராசி.

நாலாவது கட்டத்தில் இந்த அறை. கூரை மூலையிலிருந்து தெரிந்தது. மேசை. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அது தான்தான். பின்னால் சுத்தியலோடு அத்தான். திரையில் இருந்த அத்தான் இன்னும் சுவிட்சிலிருந்து கையை எடுத்துக்கொண்டிருந்தார். படம் பிந்தித்தான் வருகிறது.

அத்தானுக்கும் பின்னால் பீரோ. பீரோமேல் சூட்கேஸ்கள். இரண்டு சூட்கேஸ்களுக்கு நடுவே, ஒரு கை நுழையாத இடுக்கில், ஒரு முகம்.

அது பக்கவாட்டில் படுத்திருந்தது. ஒரு பக்கம் நெற்றியே இல்லை. நசுங்கிய பாத்திரம் மாதிரி உள்ளே போயிருந்தது. வாய் திறந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன. உயிருள்ள தலை அப்படி இருக்காது. அவளுக்குத் தெரிந்தது. பினாயிலுக்கு அடியில் இருந்த வாடை எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்தது. அக்கா இல்லை. வந்ததிலிருந்தே இல்லை. யாரைக் காப்பாற்ற விரலைக் கொடுத்தாளோ அவள் ஏற்கெனவே போய்விட்டாள்.

அப்படியென்றால் பிளாஸ்டரை யார் ஒட்டியது?

“மேல பார்த்தேனே,” என்றார் அத்தான். குரல் சின்னப் பையனுடையது போல ஆகியிருந்தது. “அங்கதானே முதல்ல பார்த்தேன். எல்லாத்தையும் இறக்கிப் பார்த்துட்டுத்தானே திரும்ப அடுக்கினேன்.”

திரையில் அந்த முகம் கண்ணைச் சிமிட்டியது.

அவருடைய காலடி பீரோவை நோக்கித் திரும்பியதைக் கேட்டாள். திரும்பிப் பார்க்கிற தைரியம் அவளுக்கு இல்லை. அவள் திரையைப் பார்த்தாள். திரையில் எதுவும் இன்னும் நடக்கவில்லை. சத்தம்தான் முதலில் வந்தது. சூட்கேஸ் ஒன்று விழுந்தது. தகரம் ‘டம்’ என்றது. ஏதோ கனமானது தரையில் இறங்கியது. வெறுங்கால்.

“வேண்டாம்,” என்றார் அத்தான். “வேண்டாம்டி.”

பிறகு அடி. ஈரமான அடி. அவர் அலறினார். இன்னொரு அடி விழுந்ததும் அலறல் குழறலாக மாறியது. இன்னொன்று. பற்கள் தரையில் சிதறி உருளும் சத்தம். இன்னொன்று. அடித்துக்கொண்டே இருந்தது. அவசரம் இல்லாமல், ஆணி அடிக்கிற மாதிரி, அளந்து அளந்து. சூடாக அவள் முதுகில் தெறித்தது. கன்னத்தில் தெறித்தது. அப்புறம் அடி மட்டும்தான் கேட்டது.

அதுவும் நின்றது.

இப்போதுதான் படம் வந்தது. பீரோமேலிருந்து ஒன்று தலைகீழாக இறங்குவது. அத்தான் சுத்தியலை ஓங்குவது. அது அவர் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்குவது, பிள்ளை கையிலிருந்து பொம்மையைப் பிடுங்குகிற மாதிரி. ஓங்குகிறது. சத்தமே இல்லாமல் அவர் முகம் உடைகிறது. மறுபடி ஓங்குகிறது.

பின்னால், மிகக் கிட்டத்தில், வெறுங்கால்கள் ரத்தத்தில் பிசுக் பிசுக்கென்று நடந்து வந்தன. நாற்காலிக்குப் பின்னால் நின்றன.

அந்த வாடை.

“யாருடி பிய்ச்சது?”

அக்காவின் குரல்தான். தொண்டையில் தண்ணீர் நிரம்பியிருந்தது. அதட்டலுக்கு அடியில் அந்தப் பழைய சிரிப்பு.

மேசையில் ரப்பர் துகள். சுருண்ட ஒட்டுநாடா. ஓடு என்றது மனசு. கால் அசையவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், நாக்கு தானாகவே சொன்னது.

“நான்தான்க்கா.”

“குனி.”

குனிந்தாள். கை தானாகவே சீட்டை அழுத்தியது போல, கழுத்து தானாகவே குனிந்தது. கண் மட்டும் திரையை விடவில்லை. திரையில் அத்தான் கிடந்தார், முகம் இருந்த இடத்தில் வெறும் குழி. அதைத் தாண்டி அக்கா நடந்து வந்தாள். நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். உள்ளே போன நெற்றி. உதட்டோரம் சிரிப்பு. திரையில் இருந்த சின்னவள் தலையைக் குனிந்தாள். அக்கா சுத்தியலை உயர்த்தினாள். மெதுவாக. உச்சிவரை.

பின்னால் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. காலடி இல்லை. மழைகூட இல்லை. விசிறி மட்டும் சுற்றியது.

திரையில் சுத்தியல் இன்னும் இறங்கவில்லை. அவள் கழுத்தில் சூடாக ஏதோ வழிந்துகொண்டிருந்தது.